மாப்ள வண்டியில மழை

வா மாப்ள, வா. அந்தக் கட்டில்ல ஒக்காராத, கயிறு தளந்துகெடக்குது, ஒன் வண்டி பைப்பு மாதிரி. திண்ணையில ஒக்காரு. மோரு குடிக்கிறியா? தண்ணி கேக்காத. அதுதான் ஒன் வண்டியில தாராளமா இருக்குதே.

சிரிக்கலடா. எனக்கு மூஞ்சே அப்பிடி.

காலையில எங்கக்கா போன் பண்ணுச்சி. “தம்பி, ஒன் மருமவன் வண்டிக்குக் கீழ கொளம் கட்டி நிக்குது, ரெண்டு வாத்து வாங்கி வுடலாமான்னு பாக்குறன்”ன்னு சொன்னிச்சி. பெத்த தாயி பேசுற பேச்சா அது? ஆனா யோசிச்சிப் பாத்தன், தப்பில்ல. மூணு லட்சம் போட்டு பழைய ஸ்கூல் வேனு வாங்குன. அதுக்கு மேல ரெண்டு மடங்கு செலவு பண்ணி உள்ளார கட்டிலு, அடுப்பு, சிங்கு, கக்கூசு எல்லாம் வச்ச. கடைசியில ஒரு வாத்தாவது சம்பாதிக்கட்டுமே.

கேரவன்னா நாங்க என்னா நெனச்சிகிட்டு இருந்தம் தெரியுமா? சினிமாக்காரங்க மேக்கப்பு போட்டுகிட்டு ஏசியில ஒக்காந்திருப்பாங்களே, அந்த வண்டின்னு. நீதான் போனத் தொறந்து காட்டுன. கேரளாவுல 2021-லயே அரசாங்கமே கேரவன் சுற்றுலா ஆரம்பிச்சிட்டான், வாகமண்ல வண்டி நிறுத்த எடமே கட்டியிருக்காங்கன்னு. வாகமண்ல நின்னா நம்ம வெள்ளிமலையில நிக்கக்கூடாதா, கரியாலூர்ல நிக்கக்கூடாதான்னு கேட்ட. நல்ல கேள்வி. நின்னுது. நின்ன எடத்துலயே ஒழுவுது.

சரி, விசயத்துக்கு வரன். 26 வருசம் ஊராட்சியில டேங்க் ஆப்ரேட்டரா இருந்தவன் நான். காலையில 5 மணிக்கு வால்வத் தொறந்து, யாரு வூட்டுக் கொடம் மொதல்ல நெறையணும்ங்கறதுக்கு நடந்த சண்டையெல்லாம் தீத்து வச்சவன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தண்ணி எங்க போவும், எங்க போவாதுன்னு மட்டும் தெரியும்.

ஒன் வண்டி இடுப்புல சின்னக் கதவு ஒண்ணு இருக்குது பாரு, அதத் தொறந்தா ரெண்டு வாயி. ஒண்ணு, உள்ள இருக்குற டேங்குக்கு நேராத் தண்ணி ஊத்துற வாயி. அது சாது. ஊத்துனத வாங்கிக்கும், நெறைஞ்சா காத்துக் கொழாய் வழியா வெளிய துப்பிடும். இன்னொரு வாயி இருக்குதே, “சிட்டி வாட்டர்”ன்னு எழுதியிருக்குதே, அது டேங்குக்கே போவாது. வெளிய இருக்குற கொழாத் தண்ணிய, அது என்னா வேகத்துல வருதோ அதே வேகத்துல, நேராக் கொண்டுபோய் ஒன் சிங்கு, கக்கூசு, சுடுதண்ணி பாயிலருன்னு எல்லா எடத்துலயும் நிறுத்திடும். பம்பே வேணாம். அந்த வாய்க்குப் பின்னால ஒரு கட்டவெரல் மொத்தத்துக்கு என்.ஆர்.வி. உள்ள போன தண்ணி திரும்பி வெளிய வராம தடுக்குற வால்வு. பிளாஸ்டிக்கு ஒடம்பு, ஒரு சின்ன ஸ்பிரிங்கு, ஒரு ரப்பர் வளையம். மொத்தக் கேரவனோட மானமும் அந்த ரப்பர் வளையத்துலதான் இருக்குது.

சிட்டி வாட்டராம். சிட்டி எங்க மாப்ள இருக்குது மலையில? கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனதே 2019 நவம்பர் 26-ல. அதுவே இன்னும் முழுசா சிட்டி ஆவல. நீ மலையேறிப் போயி சிட்டி வாட்டர் புடிக்கிற.

அன்னிக்கி என்னா நடந்துது? கரியாலூர் தாண்டி, நமக்குத் தெரிஞ்ச மலைக்காரர் கொல்லையில வண்டிய நிறுத்துன. மேல ஊத்து. அங்கேருந்து கறுப்பு ஓசுல தண்ணி எறக்கி, சாமைக் கொல்லை ஓரமாக் கொண்டாந்து, வூட்டு வாசல்ல வால்வு போட்டு வச்சிருக்காரு. மோட்டாரு கெடையாது, கரண்ட்டு கெடையாது, ராவும் பகலும் வருது. அதப் பாத்ததும் ஒனக்கு வாயில எச்சி ஊறிப்போச்சி. “மாமா, ஓசிப் பிரஷரு மாமா”ன்ன. ஓசக் கொண்டாந்து சிட்டி வாட்டர் வாயில சொருவுன. ராத்திரி 12 மணிக்கு “டப்”புன்னு ஒரு சத்தம். ஒம் பொண்டாட்டி யானைன்னு நெனச்சி கத்துனா. நீ மூட்டையக் கட்டுன.

வால்வ முழுசாத் தொறந்தது யாருங்கறது இப்ப பேச்சில்ல. அத வுடு.

ஊத்துக்கும் ஒன் வண்டிக்கும் எம்மாம் உயரம்? நான் ஏறிப் பாத்தன். ஒரு 200 அடி இருக்கும். ஆழந்தெரியாம காலை வுடாதன்னு சொல்லுவாங்க. உயரந்தெரியாம ஓசை வுடாதன்னு ஒனக்கு யாரும் சொல்லித்தரல. தண்ணிக்குக் கணக்கு லேசு மாப்ள. 33 அடி உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம். நம்மூரு டேங்கு 40 அடி உயரம், அதனால தெருக் கொழாயில ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும். அதுவும் கடைசித் தெருவுக்குப் போறதுக்குள்ள களைச்சிப் போவும். 200 அடின்னா 6 கிலோ. ஒன் வண்டிக்குள்ள இருக்குற பம்பு எத்தினி கிலோவுல தானா நிக்குது? மூணு. உள்ள இருக்குற பிட்டிங்கு, கிளிப்பு எல்லாம் அந்த மூணுக்காகப் பூட்டுனது. நீ அதுக்கு ரெண்டு பங்கு குடுத்த. பொண்ணு வூட்டுல ஒருவேளைச் சோத்துக்கு மூணு தரம் பரிமாறுனா மாப்ள வயிறு என்னா ஆவும்? ஒனக்குத் தெரியாதது இல்ல, ஒன் தலைதீபாவளி எனக்கு மறக்கல.

இன்னொண்ணு கேளு, நம்ப மாட்ட. நம்ம கோமுகி அணை இருக்குதே, மலை அடிவாரத்துல, கச்சிராயபாளையத்துக்கிட்ட. நெறஞ்சா 46 அடி. கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. மழைக்காலத்துல அத்தன தண்ணியும் முட்டிகிட்டு நிக்கறப்ப, அணையோட அடிமட்டத்துல தண்ணி எத்தினி கிலோவுல தள்ளுது தெரியுமா? ஒன்றரைக் கிலோ கூட இல்ல. மதகு அத தாங்கிகிட்டு நிக்குது. ஒன் வண்டியில இருக்குற வெரல் மொத்தப் பிளாஸ்டிக்கு வால்வு, அந்த அணைத் தண்ணி தள்ளுறதப் போல நாலு மடங்கு வாங்கியிருக்குது. தண்ணிக்கு அகலம் கணக்கில்ல மாப்ள. கடலா இருந்தாலும், அரை இஞ்சு ஓசா இருந்தாலும், எம்மாம் உயரத்துல நிக்குதுங்கறதுதான் கணக்கு. ஒரு ஓசுக்கு ஒரு அணையவே கேலி பண்ணத் தெரியும்.

ஏன் பகல்ல ஒடையல, ராத்திரி ஒடைஞ்சுதுன்னு கேளு. கேக்க மாட்ட, நானே சொல்றன். பகல்ல நீங்க குளிக்கிறீங்க, கழுவுறீங்க, ஏதாவது ஒரு கொழா தொறந்துகெடக்குது. ஓடுற தண்ணி பைப்பு சுவத்துல ஒரசி ஒரசி வேகத்த எழந்துடும். ராத்திரி எல்லாத்தயும் மூடிட்டுப் படுத்தீங்க. தண்ணிக்குப் போக்கிடம் இல்ல. 200 அடி ஒசரமும் அப்பிடியே வந்து அந்த ரப்பர் வளையத்து மேல சம்மணம் போட்டு ஒக்காந்துகிச்சி. ஊரு அடங்குனப்பறந்தான் கொழாய் ஒடையும், டேங்க் ஆப்ரேட்டரக் கேளு. நான் எத்தினி ராத்திரி லுங்கியோட ஓடியிருக்கன்.

அது போவட்டும். காலையில நீ பண்ணுன வைத்தியத்தச் சொல்லட்டுமா? கறுப்பும் வெள்ளையுமாப் பிசையுற பசையை வாங்கியாந்து ஈரத்து மேல அப்புன. ஈரத்துல அது எங்க புடிக்கும்? அப்பறம் அது மேல டெஃப்லான் டேப்ப, கிழவி கால்ல பழந்துணி சுத்துற மாதிரி, பைப்புக்கு வெளிய சுத்துன. டேப்பு மரைக்குள்ள இருக்குற சந்த அடைக்கறதுக்குடா, காயத்துக்குக் கட்டு போடுறதுக்கு இல்ல. அதுக்கு மேல சிலிக்கான். அதுக்கும் மேல பைப்பு ரெஞ்சப் போட்டு, பல்லக் கடிச்சிகிட்டு திருவுன. பிளாஸ்டிக்கு மரை மாப்ள அது, லாரி சக்கரத்து நட்டா? “கிர்ரு”ன்னு கீறிப்போச்சி. மொதல்ல ஒழுவுனது ஒரு எடம். நீ ரிப்பேரு பண்ணப்பறம் ரெண்டு எடம். இப்பிடியே நாலு நாளு ரிப்பேரு பண்ணியிருந்தா வண்டிக்குள்ளயே மேகம் அருவியப் பாத்திருக்கலாம், அம்மாம் தூரம் நடக்க வேணாம்.

இப்ப நான் சொல்றத கேளு. போன வச்சிட்டுக் கேளு.

மொத வேலை, கரண்ட்டு. அந்தச் சின்னக் கதவுக்குப் பக்கத்துலயே, ஒரு சாண் தள்ளி, கரண்ட்டு ஒயர சொருவுற எடத்த வச்சிருக்கான் பட்டறைக்காரன். தண்ணியையும் கரண்ட்டையும் ஒரே படுக்கையில போட்டிருக்கான், எந்த ஊரு கெட்டிக்காரனோ. ஒயரப் புடுங்கு. பேட்டரி சுச்ச அணை. பம்ப அணை. அப்பறம் உள்ள ஒரு கொழாயத் தொறந்து, நிக்குற அழுத்தத்த எறக்கிவுடு. இல்லன்னா கிளிப்பக் கழட்டுன ஒடனே மூஞ்சியில பீச்சும். அது ஒனக்குப் பழக்கந்தான், இருந்தாலும் சொல்லணுமில்ல.

அடுத்தது, எங்க ஒழுவுதுன்னு கண்டுபுடி. ஈரம் தெரியற எடத்துல ஒழுவுறதில்ல மாப்ள. தண்ணி திருடன் மாதிரி, ஒரு வூட்டுல பூந்து மூணாவது வூட்டு வழியா வெளிய வரும். பைப்பு மேலயே ஊர்ந்து போயி, தாழ்ந்த எடத்துல சொட்டும். நீ சொட்டுற எடத்தப் பாத்து பசை அப்புன.

வெளிய ஓசக் கழட்டிடு. டேங்குல தண்ணி வச்சி, உள்ள பம்ப மட்டும் போடு. அந்த சிட்டி வாட்டர் வாயி வழியா வெளிய தண்ணி வந்துதுன்னா என்.ஆர்.வி. செத்துப் போச்சின்னு அர்த்தம். எந்தக் கொழாயும் தொறக்காம, சும்மா நிக்கறப்பயே பம்பு அப்பப்ப “டுர்ரு”ன்னு ஓடி ஓடி நின்னுதுன்னா, அழுத்தம் இருக்குற பைப்புல எங்கியோ கசியுது. பம்பையும் அணைச்சி, ஓசையும் கழட்டி, டேங்கு ரொம்பி இருக்கறப்ப மட்டும் ஈரம் வந்தா, டேங்குக்கு ஊத்துற ஓசயும் காத்துக் கொழாயயும் பாரு. மலை ஏறுறப்ப வண்டி மூக்கத் தூக்கும், டேங்குத் தண்ணி பின்னால சாயும், அந்த ஓசுல ஏறி நிக்கும். தரையில ஒழுவாதது வளைவுல ஒழுவும். கச்சிராயபாளையத்துல நல்லா இருந்துச்சே, வெள்ளிமலை போனதும் எப்பிடின்னு அப்பறம் எங்கிட்ட வந்து கேக்காத.

அப்பிடியும் தெரியலன்னா, பைப்ப நல்லா தொடச்சி ஒலத்திட்டு, ஒவ்வொரு சேர்மானத்து மேலயும் திருநீறத் தூவு. ஆமாண்டா, திருநீறுதான். பாவமில்ல, சாம்பல்தான அது. தண்ணிய வுட்டுட்டு டார்ச்சு அடிச்சிப் பாரு. எந்த எடத்துல மொதல்ல கறுப்பா நனையுதோ, அங்கதான் ஓட்டை. 26 வருசத்துல எனக்கு இதவிட நல்ல மிசினு கெடைக்கல. கூட ஒரு லாபம், வண்டிக்கும் பூசுன மாதிரி ஆச்சி.

வெளிய இருந்து நோண்டாத. அந்தச் சின்னக் கதவோட சட்டத்தச் சுத்தி சிலிக்கான் போட்டு ஒட்டியிருக்கான், அதக் கிழிச்சா மழைத் தண்ணியும் உள்ள எறங்கும், அப்பறம் கொழாத் தண்ணி எது, மழைத் தண்ணி எதுன்னு பஞ்சாயத்து வக்கணும். உள்ளார, கட்டிலுக்கு அடியில பலகை இருக்குதில்ல, அதக் கழட்டு. பின்பக்கம் முழுசாத் தெரியும். அங்க பாத்தப்பதான் எனக்கு வயிறு எரிஞ்சிது. மரத்துல சாமி செதுக்குற ஊரு நம்முளுது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு குடுத்திருக்காங்க. அந்த ஊர்க்காரன் வண்டியில பிளைவுட்டு, ஊறவச்ச அப்பளம் மாதிரி நிக்குது. அந்தத் துண்ட அறுத்து எடுத்துடு. ரெண்டு நாளு வெயில்ல நிறுத்தி, எல்லாக் கதவயும் தொறந்து வச்சி, ஒலத்து. ஒலராம மூடுனா நாத்தம் வரும், அப்பறம் எங்க அக்கா வாத்து வேணாம், பன்னி போதும்னு சொல்லும்.

இனி, எதனால வீக்காச்சின்னு பாரு. பட்டறைக்காரன் என்னா பண்ணியிருக்கான்? வூட்டுக்குப் போடுற மாதிரி கெட்டியான சி.பி.வி.சி. பைப்பப் போட்டு, எல்போவுக்கு எல்போ சொலுசன் அடிச்சி ஒட்டியிருக்கான். வூடு ஆடாது மாப்ள. வண்டி ஆடும். மலைப் பாதையில ஒவ்வொரு வளைவுலயும் வண்டி ஒடம்பு ஒரு பக்கம் முறுக்கும், பைப்பு வளையாது, கடைசியில அந்தப் பிளாஸ்டிக்கு வால்வு கழுத்துலதான் எல்லாம் வந்து விழும். 6 கிலோ தண்ணி கொன்னுது நெசந்தான். ஆனா பாதி உசுரு ஏற்கெனவே ரோட்டுல போயிடிச்சி. கழுத்து கீறுன கோழியத்தான் நீ அறுத்த.

அதனால வாயிலேருந்து ஒரு ரெண்டு அடிக்கி அந்தக் கெட்டிப் பைப்ப அறுத்து எறி. நூல் பின்னுன ஓசு விக்குது, குடிக்கிற தண்ணிக்கின்னு கேட்டு வாங்கு, இல்லன்னா காபியில ரப்பர் வாசனை வரும். இழுத்துக் கட்டாத, கொஞ்சம் தொங்கலா, ஒரு வளைவு வச்சி வுடு. வண்டி முறுக்குறப்ப அது குடுத்து வாங்கும். ரெண்டு முனையிலயும் ஸ்டீலு கிளிப்பு. நடுவுல ஓச ஒடம்போட சேத்து ஒரு கிளாம்பு போட்டுத் தாங்கு, அதோட வெயிட்டு வால்வு மேல தொங்கக்கூடாது. வால்வு புதுசு வாங்கு, பித்தளையில கெடைச்சா பித்தளை. கள்ளக்குறிச்சியில இப்ப டீக்கடைய விட பைப்புக் கடைதான் அதிகம், ஒரு கடையில இல்லன்னா பக்கத்துக் கடை. பழச கையில எடுத்துட்டுப் போ. “அரை இஞ்சு இருக்கும்”னு வாயால சொல்லி நாலு தடவ திரும்பி வந்தவனுவள நான் பாத்திருக்கன். அதுல ஒருத்தன் நீ.

டேப்பு சுத்தறது எப்பிடின்னு சொல்றன். மரையோட முனை ஒன் மூஞ்சியப் பாத்து இருக்கணும். கடியாரம் சுத்துற பக்கமா, இழுத்துப் புடிச்சி சுத்து. தலைகீழாச் சுத்துனா, திருவுறப்பயே டேப்பு அவுந்து சுருண்டுக்கும். எங்க காலத்துல ஜி.ஐ. பைப்புக்கு சணல் நூலச் சுத்தி வெள்ளப் பேஸ்ட்டு தடவுவம், அதுக்கும் இதே பக்கந்தான். இன்னொண்ணு, வாசரு இருக்குற எடத்துல டேப்பு வேணாம். அங்க வாசருதான் அடைக்குது. ரெண்டு பேரையும் ஒரே வேலைக்கு வுட்டா ரெண்டு பேரும் செய்ய மாட்டானுவ, நம்ம ஊரு நூறு நாளு வேலை மாதிரி. சரி சரி, மொறைக்காத, நானும் போனவன்தான். பிளாஸ்டிக்கு மரைய கையால முடிஞ்சவரைக்கும் திருவு, அப்பறம் ஸ்பேனருல ஒரு அரைச் சுத்து. போதும். ரெஞ்ச எங்கிட்ட குடுத்துடு, ஒனக்கு அது ஆவாது. அது என் ரெஞ்சுதான, போன பொங்கலுக்கு வாங்கிட்டுப் போனது.

எல்லாம் பூட்டி முடிஞ்சதும் பலகைய மூடாத. அடியில தினசரிப் பேப்பர விரிச்சி, தண்ணிய வுட்டு ஒரு ராத்திரி அப்பிடியே வையி. காலையில பேப்பரு காஞ்சி இருந்தா நல்லது. அப்பறம் ஒரு தடவ மலைக்கிப் போய்ட்டு வந்து, கிளிப்ப மறுபடியும் தொட்டுப் பாத்துட்டு மூடு.

இனிமே மலைத் தண்ணிய எப்பிடிப் புடிக்கிறதுன்னா, பட்டணத்துல விக்கிற பிரஷர் ரெகுலேட்டர வாங்கி ஓசு முனையில மாட்டலாம், அது வேகத்தக் கொறச்சிக் குடுக்கும். தப்பில்ல. ஆனா மலைக்காரருகிட்ட ஒரு வழி இருக்குது, பைசா செலவில்ல. கொல்லை மேட்டுல, வண்டிக்கு 30 அடி உயரத்துல ஒரு நீல டிரம்ம வாய் தொறந்த மேனிக்கி வச்சிருக்காரு, பாத்தியா? ஊத்துத் தண்ணி அதுல வுழும். 200 அடிய எறங்கிவந்த திமிரெல்லாம் அந்த டிரம்முல வுழுந்ததும் செத்துடும், தொறந்த வாயில அழுத்தம் நிக்காது. அங்கேருந்து எடுத்தா வெறும் 30 அடிதான், ஒரு கிலோவுக்கும் கீழ. ஆட்டுக்குட்டி மாதிரி வரும். பெரிய பெரிய மலைக் குடிநீர்த் திட்டத்துல எஞ்சினியருங்க நடுவழியில தொட்டி கட்டி அழுத்தத்த ஒடைக்கிறாங்களே, அதே வேலைய அவரு ஒரு டிரம்முல பண்ணியிருக்காரு. நீ அந்த டிரம்மு மேல துண்டு காயப்போட்டுட்டு, அதுக்கு மேல இருந்து ஓசு இழுத்த.

அதையும் வாணாம்னா, சாது வாயி இருக்குதே, டேங்குக்கு ஊத்துறது. அதுல ஊத்து. நெறஞ்சா மூடு. பம்பு வேலைய பம்பு பாக்கட்டும். அதுக்குத்தான அதுக்குக் கரண்ட்டு குடுக்குற. எனக்குத் தெரிஞ்சி அந்த சிட்டி வாட்டர் வாய நம்ம பக்கம் தொறக்கவே வேணாம், மூடி போட்டு வச்சிடு. ஆனா நீ கேக்க மாட்ட. காசு குடுத்து வாங்குன வாயிய சும்மா வுடுவியா?

என்னா, எந்திரிச்சிட்ட? ஞாயித்துக்கெழம மறுபடியும் மலைக்கிப் போறியாமே, எங்க அக்கா சொன்னிச்சி. பெரியார் அருவியில தண்ணி நல்லா இருக்குதாம். முன்னால சீட்டு எனக்கு. பின்னால ஒக்காந்தா வளைவுல எனக்கு வாந்தி வரும், அப்பறம் ஒன் வண்டியில அதுவும் ஒழுவும். மோரு சாதம் கட்டிக்கிட்டு வரன். ரெஞ்சையும் எடுத்துட்டு வரன்.

பயப்புடாத மாப்ள, இந்தத் தடவ அந்த வால்வ நான் தொடமாட்டன்.